மேல்தட்டுக்காரர்

திருகோணமலையில் மாடிவீடு கட்டியவரைப் பகலில் பார்க்க வேண்டுமானால் படி ஏறத் தேவையில்லை. மேல்தட்டின் சொந்தக்காரர் கீழே, சீமெந்துத் தரையில், வெறும்மேலோடு படுத்திருப்பார்.

வீடு உவர்மலைப் பக்கம் என்றால் பெருமை இன்னும் கூட. துறைமுகத்தில் வேலைசெய்து எடுத்த பென்சனும் சுவிஸ் மகனின் காசும் சேர்ந்து எழும்பிய வீடு. வந்தவரை மேலே கூட்டிப்போய் ஜன்னலைத் திறப்பார்.

"அங்காலே சீனன்குடா. 1942 ஏப்ரல் 9இல ஜப்பான்காரன் வந்து தாக்கி எண்ணெய்த் தாங்கி எரிஞ்ச இடம்."

"இன்னும் அணைக்கேல்லையோ, அண்ணை?" என்று கேட்டபடி வந்தவர் வேர்வையைத் துடைப்பார்.

மே பிறந்தால் கச்சான் காற்று. மலைநாட்டின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு இங்கே இறங்கும். கொங்கிறீட் கூரையோ கடன் விஷயத்தில் மகா நாணயம்: பகல் முழுக்க வெயிலிடம் வாங்கியதை ராத்திரி, சரியாகப் படுக்கிற நேரம் பார்த்து, ஒரு சதம் குறையாமல் அறைக்குள் இறக்கும். கீழ்வீட்டின் சூடும் படிவழியே மேலேறி வரும். சூடு வெளியே போக மொட்டைமாடிக் கதவு ஒன்றுதான் வழி. குரங்குக்குப் பயந்து அதையும் இவர் பூட்டி வைத்திருக்கிறார்.

ஏசி உண்டு. மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் கறண்ட் பில் எகிறும் என்பதால், அது சுவிஸ் பேரப்பிள்ளைகள் வரும்போது மட்டும் ஓடும். சீலிங் ஃபேன், கூரையடியில் தேங்கிய சூட்டைக் கட்டிலுக்கு இறக்கும் வேலையைச் செய்கிறது. ஒருநாள் படித்தலைப்பில் மேசை ஃபேனை வைத்து, மேற்சூட்டைக் கீழே தள்ளிச் சமன்செய்யப் பார்த்தார். குசினியிலிருந்து வந்த மறுமொழியை இங்கே அச்சிட முடியாது.

மேலும் கீழும் வேறு வேறு சூடு என்று குறை சொல்பவர்களுக்குக் கன்னியா வெந்நீரூற்றைத்தான் சாட்சிக்கு இழுப்பார்.

"பக்கத்தில பக்கத்தில ஏழு கிணறு. ஏழுக்கும் ஏழு சூடு. இராவணன் செய்ததே அப்பிடித்தான். என்ர மேசன் செய்தது பிழையோ?"

2022இல் 13 மணித்தியாலம்வரை கறண்ட் வெட்டு வந்த நாட்களின் இரவுகளில் ஊரே முற்றத்தில் பாய் விரித்தது. இவர் மட்டும் மொட்டைமாடியில் தண்ணீர் அடித்துப் படுத்தார். நல்ல வைத்தியம்தான், தண்ணீர்த் தாங்கி காலியாகும்வரை.

மருந்து என்னவோ ஊரறிந்தது. கொங்கிறீட்டுக்கு மேலே மூன்றடி உயர்த்தித் தகரக் கூரை போட்டு, இடையில் காற்று ஓட விட்டால் பாதிச் சூடு போய்விடும். கடைசியில் மேசனையும் கூப்பிட்டார். மேசன் மொட்டைமாடியைச் சுற்றிப் பார்த்தார். மூன்றாம் தட்டுக்கென்று நாலு மூலையிலும் விட்ட தூண்கம்பிகள் ஆளுயரத்துக்கு நின்றன.

"ஐயா, இதை வெட்டினாத்தான் கூரை இறங்கும்."

"வெட்டுறதோ? மகன் வந்தா மேலே கட்டுவன் எண்டவன்."

"எப்ப வாறார்?"

"வருவான்."

"அப்ப வளைச்சு விடுவமோ?"

"வளைச்ச கம்பியில என்னெண்டு தூண் எழும்பும்? நீர் மேசன்தானே?"

மேசன் ஒன்றும் பேசவில்லை. கூரைக்கு அளவெடுக்க வந்தவர், பின்னேரம்வரை நின்று, நாலு மூலைக் கம்பிக்கும் துருப் பிடிக்காமல் சீமெந்துப் பால் பூசிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.