குசினிக்குள் ஒரு கலைக்கூடம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்குப் படம் கீறவென்று தனி மேசை ஒன்றும் இருக்கவில்லை. சுவர் இருந்தது. அடுப்புக்கரித் துண்டொன்றை எடுத்து முன்விறாந்தையில் ரயில், யானை, கணக்கு வாத்தியார் என்று எதைக் கீறினாலும் தைப்பொங்கல் வரைக்கும்தான் அதற்கு ஆயுள். பொங்கலுக்கு முதல் கிழமை ஐயா சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவார். இரண்டு இழுப்பில் வாத்தியார் போய்விடுவார். அடுத்த வருசத்துக்குப் புதுச் சுவர் தயார்.

இப்போது நான் இருக்கும் கனடாவின் மார்க்கம் நகரத்துச் சுவருக்கு இந்த வசதி கிடையாது. முதலாவது, அது வங்கிக்குச் சொந்தம். வீட்டுக்கடன் முடிகிற அன்றைக்குத்தான் நான் அதில் உரிமையோடு சாயலாம். இரண்டாவது, புதுவீடு கட்டித் தருபவர்கள் சுவருக்கு அடிக்கிற மினுக்கமில்லாத பெயின்ற் ஒரு தனிப்பிறவி. ஈரத்துணியால் துடைத்தால் கறை அப்படியே இருக்கும், பெயின்ற் கையோடு வந்துவிடும். பிள்ளை போட்டது ஒரு கோடு என்றால், நான் துடைத்துப் போட்டது ஒரு வட்டம். வருகிற விருந்தாளிகள் வட்டத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே சுவருக்கு மாற்றாகப் பிள்ளைகளுக்கு ஒரு மூலை ஒதுக்குவதென்று மனைவி தீர்மானம் நிறைவேற்றினாள். எந்த மூலை என்பதில்தான் பிரச்சினை. பேஸ்மன்ற்றில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்; அவருடைய காசில்தான் கடனில் ஒரு பங்கு போகிறது. கராஜில் வைக்கலாமென்றால் தை மாதக் குளிரில் தண்ணீர்ப் பெயின்ற் உறைந்து, உருகும்போது திரைந்த பால்போல நிறம் வேறு, தண்ணீர் வேறாக நிற்கும். மேல்மாடி முழுக்கக் காப்பெற். மிஞ்சியது குசினி.

யோசித்துப் பார்த்தால் குசினிதான் சரி. தனி அறையில் என்ன அலங்காரம் செய்து வைத்தாலும் பிள்ளைகள் அங்கே போய்க் கீறமாட்டார்கள். பெரியவர்கள் வெங்காயம் வெட்டுகிற இடத்தில்தான் அவர்களுக்குக் கலை பொங்கும்.

அடுத்தது அலுமாரி. இணையத்தில் தேடினால் ‘மொண்டிசோரி’ என்று பெயர் சூட்டிய பலகைத் தட்டுகள் வருகின்றன. நாலு பலகை, அதற்கு ஒரு மாதத்து மரக்கறிக் காசு. பிள்ளைகளின் கல்விமுறை ஒன்றுக்கு அந்தப் பெயரைத் தந்த இத்தாலிய அம்மையார் எங்களுக்கு அந்நியர் அல்லர். 1939 இல் அடையாறுக்கு வந்து, உலகப் போரில் இத்தாலி இறங்கியதும் எதிரி நாட்டவர் ஆகி, திரும்பிப் போக வழியில்லாமல் சென்னையிலும் கொடைக்கானலிலும் வருசக்கணக்காக இருந்தவர். அவர் சொன்னதன் சாரம் எளிது. தட்டு பிள்ளையின் உயரத்தில் இருக்கட்டும், மூடி வேண்டாம், சாமான் கொஞ்சமாக இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கட்டும். இதற்கு விலையுயர்ந்த பலகை தேவையில்லை. நான் போய் ஒரு செருப்புத் தட்டு வாங்கி வந்தேன்.

மனைவியின் அம்மாவான மாமி, பெட்டியில் அச்சடித்திருந்த சப்பாத்துப் படத்தைப் பார்த்துவிட்டார்.

“தம்பி, கொப்பியும் பென்சிலும் சரஸ்வதியெல்லோ? செருப்புத் தட்டிலயோ வைக்கப் போறியள்?”

“புதுசு மாமி. ஒரு செருப்பும் ஏறேல்ல.”

“ஏறேல்லத்தான். ஆனா அதுக்கெண்டு செய்ததெல்லோ?”

இந்த வாதத்துக்கு மொண்டிசோரி அம்மையாரிடமும் பதில் இருந்திருக்காது. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. பெட்டியைக் கிழித்து மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போட்டோம். மாமி தட்டை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்து, மேல்பலகையின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். இப்போது அதில் யாராவது செருப்பை வைத்தால் அதுதான் குற்றம்.

சாமான்கள் வைக்கும் ஏனங்களுக்குச் செலவே இல்லை. ஒன்ராறியோவில் பால் பையில் வரும். 4 லீற்றர் பெரிய பைக்குள் மூன்று சின்னப் பைகள், அதை நிறுத்திவைக்க ஒரு பிளாஸ்ரிக் குவளை. வெளியூரில் இருந்து வருபவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் குவளைக்குள் பென்சில்கள் நிமிர்ந்து நிற்பதுபோல வேறெதிலும் நிற்காது. வெறும் பெரிய பையில் வெட்டுத் துண்டுகளைச் சேர்க்கலாம். டெனிஷ் பிஸ்கற் ரின்னில்தான் கொஞ்சம் தகராறு. அதை ஊசி நூலுக்கென்று மாமி எப்போதோ கைப்பற்றிவிட்டார்.

கடுதாசிக்கும் பஞ்சமில்லை. மார்க்கம் றோட்டுப் பக்கம் எந்தத் தமிழ்க் கடைக்குப் போனாலும் வாசலில் இலவசப் பத்திரிகைகள் அடுக்கியிருக்கும். அவற்றில் செய்திகள் ஒரு பக்கம் இருக்க, மற்றப் பக்கங்களில் எல்லாம் வீடு விற்பவர்கள், கடன் எடுத்துத் தருபவர்கள், காப்புறுதி செய்பவர்கள். எல்லோரும் கோட்டுப் போட்டு, கையைக் கட்டி, ஒரே சாய்வில் நின்று சிரிப்பார்கள். பிள்ளைகளுக்கு மனித முகம் கீறப் பழக்க இதைவிட நல்ல சாதனம் கிடையாது. மீசை இல்லாதவருக்கு மீசை, வழுக்கைக்குச் சுருள்முடி, ஒருவருக்குக் கொம்பு. போன மாதம் அந்தக் கொம்புக்காரரே பக்கத்து வீட்டுக்கு ‘விற்பனைக்கு’ என்ற பலகை நட வந்து, தேத்தண்ணி குடிக்க எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தார். மூத்தவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவருக்கு அது எங்க, அப்பா?” என்று கேட்டாள். தொப்பியைச் சொல்கிறாள் என்று சமாளித்தேன்.

கத்தரிக்கோலில் மட்டும் மலிவு பார்க்கக்கூடாது. இளையவன் பீச்சங்கைக்காரன். சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் மேல் அலகு வெட்டவேண்டிய கோட்டை மறைக்கும். விரல் அழுத்துகிற பக்கம் மாறுவதால் அலகுகள் விலகிக் கடுதாசி மடங்கும், வெட்டுப்படாது. பிள்ளைக்குக் கைவேலை வராது என்று ஆட்கள் முடிவு கட்டுவது இப்படித்தான். அலகு மாற்றிவைத்த இடக்கைக் கத்தரிக்கோல் விற்கிறார்கள். வாங்கிக் கொடுத்ததும் பையன் திரைச்சீலையின் கரையையும் நேராக வெட்டினான். “சோத்துக்கையால பழக்குங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்த மாமி, அந்த வெட்டின் நேர்த்தியைப் பார்த்தபிறகு அதைப்பற்றிப் பேசுவதில்லை.

பிளேடோ என்கிற வண்ண மாக்களியின் வரலாறு வேடிக்கையானது. அமெரிக்காவின் சின்சினாற்றியில் ஒரு சவர்க்காரக் கம்பனி, நிலக்கரிப் புகை படிந்த சுவர்க் கடுதாசியைத் துடைக்க அதைச் செய்து விற்றது. வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாற, புகையும் போயிற்று, வியாபாரமும் போயிற்று. ஒரு பாலர் பள்ளி ஆசிரியை அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்க்க, 1956 இல் அதுவே விளையாட்டுச் சாமானாகக் கடைக்கு வந்தது. சுவரைத் துடைக்கப் பிறந்த சாமான்தான் இன்றைக்கு என் காப்பெற்றுக்குள் காய்ந்து கிடக்கிறது.

அதைக் கடையில் வாங்கத் தேவையில்லை. இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உப்பு, இரண்டு கப் தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி கிரீம் ஒவ் ராட்டர். அடுப்பில் வைத்துக் கிளறினால் உருண்டு வரும். உப்பு அதைப் பழுதாக விடாது. மாமி பக்கத்தில் நின்று பார்த்தார். யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒரு கிலோ மாவுக்காகச் சங்கக்கடை வாசலில் விடிய முதல் போய் நின்றவர். “றொட்டி எத்தினை சுடலாம்” என்று மட்டும் கேட்டார். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, உப்புக் கைத்துத் துப்பிவிட்டு, “சரி, இனி விளையாடட்டும்” என்றார்.

நிறங்களைப்பற்றிச் சொல்லாமல் முடியாது. 1903 இல் கிரயோலா கம்பனி முதலில் விற்ற மெழுகுப் பென்சில் பெட்டியில் 8 நிறம், விலை 5 சதம். 1958 இல் 64 நிறமும், பின்னால் ஒரு சீவியும். என் அபிப்பிராயம், 8 போதும். 64 ஐயும் கொட்டிவைத்தால் படம் பிறக்காது, பங்கீடுதான் பிறக்கும். ஆனால் ஒரு பெட்டிக்கு விலக்கு உண்டு. 1962 வரை அந்தக் கம்பனி ஒரு வெளிர் நிறத்துக்குத் ‘தோல்’ என்றே பெயர் வைத்திருந்தது; அந்த வருசம்தான் அதைப் பழத்தின் பெயருக்கு மாற்றினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். செம்மஞ்சள் பஸ்ரலை மெல்லத் தேய்த்துத்தான் அம்மா, அப்பா, உழவர், திருவள்ளுவர் எல்லோரையும் கீறினோம். 2020 இல் அதே கம்பனி உலகத்துத் தோல்களுக்கென்று 24 நிறங்களை ஒரே பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியது.

அந்தப் பெட்டியை மூத்தவள் அம்மம்மாவிடம் கொண்டுபோனாள். கையை மேசையில் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு பென்சிலாக எடுத்து வளையலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கடைசியில் கடும் மண்ணிறத்தில் ஒன்றைத் தெரிந்தெடுத்தாள்.

“நான் இவ்வளவு கறுப்போ, பிள்ளை?”

“ஓம், அம்மம்மா.”

“அது குசினி லைற். யன்னல் பக்கம் வச்சுப் பார்.”

யன்னல் பக்கமும் அதே பென்சில்தான் பொருந்தியது. எங்கள் மார்க்கத்தின் யூனியன்வில்லில் வார்லி ஓவியக்கூடம் இருக்கிறது, கனடிய ஓவியர்களின் ‘ஏழு பேர் குழு’வில் ஒருவரான பிரெட்ரிக் வார்லியின் பெயரில்; அவர் கடைசிக் காலத்தில் அந்த ஊரில்தான் இருந்தார். மனிதர்களின் முகத்துக்குப் பச்சையும் ஊதாவும் துணிந்து பூசினவர். இதை மாமிக்கு ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேத்தியிடம் திரும்பினார்.

“சரி, நிறம் உன்ர விருப்பம். சங்கிலியையாவது தடிப்பாக் கீறு. பதக்கத்தை விட்டிடாத. காப்பு ரெண்டு கையிலும் ரெண்டு ரெண்டு.”

மஞ்சள் பென்சில் அன்றைக்கே பாதியாகிவிட்டது.