மலைக்காமல் கேளுங்கள்

கே: மகன் சிகாகோவில் இருக்கிறான். எங்களைக் காரில் ஏற்றி, இரண்டு நாள் ஓட்டி, தெற்கு டகோட்டாவில் மலையில் செதுக்கிய நாலு தலைகளைக் காட்டினான். வழியெல்லாம் வெறும் புல். இதெல்லாம் ஒரு டூரா?
— பி.டி. ராஜன் சாலை வாசகர்

ப: புல்லா? பாதி வழி நீங்கள் தூங்கியிருக்கிறீர்கள் சார். பிரெய்ரி என்கிற அந்தச் சமவெளியின் கிழக்குப் பகுதியில் பழைய புல்வெளியை உழுது தீர்த்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் பார்த்ததில் முக்கால்வாசி மக்காச்சோளமும் சோயாவும்தான்.

கே: அந்த நாலு பேர் யார் என்று பேத்தி கேட்கிறாள். மூன்று பேருக்கு மேல் எனக்கு ஞாபகம் வரவில்லை.
— ராஜமன்னார் சாலை தாத்தா

ப: வாஷிங்டன், ஜெபர்சன், தியடோர் ரூஸ்வெல்ட், லிங்கன். ஜெபர்சனை முதலில் வாஷிங்டனுக்கு அந்தப் பக்கம் செதுக்கிப் பார்த்தார்கள். பாறை சரியில்லை. பாதி முகத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு இந்தப் பக்கம் புதிதாக ஆரம்பித்தார்கள். சீட் கிடைத்தும் இடம் மாறி உட்கார்ந்த தலைவர் என்று பேத்தியிடம் சொல்லுங்கள், மறக்கமாட்டாள்.

கே: நமக்கு விசாவும் இல்லை, டாலரும் இல்லை. டி.என்.09 நம்பர் போட்ட பழைய கார் ஒன்று இருக்கிறது. சமவெளியில் நாள் முழுக்க ஓட்டிப் போய் மலைச் சிற்பம் பார்க்கிற மாதிரி இங்கே ஏதாவது உண்டா?
— சிவன் பார்க் நடைக்கூட்டம்

ப: கழுகுமலைக்கு விடுங்கள். கத்திப்பாராவில் ஏறினால் திருச்சி, மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி. அதுவரை ஏறத்தாழ 560 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னொரு 20. விருதுநகர் தாண்டியதும் மண் கறுக்கும். அதுதான் நம்முடைய பிரெய்ரி: கரிசல். வானம் பார்த்த பூமி. பருத்தி, உளுந்து, மிளகாய், இப்போது இங்கேயும் மக்காச்சோளம். ஐப்பசி, கார்த்திகையில் போனால் பச்சை. சித்திரையில் போனால் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கி. ராஜநாராயணன் வாழ்நாள் முழுக்க எழுதியும் தீராத நிலத்தை ஏசி காரில் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுவீர்கள். அவருடைய இடைசெவல், நீங்கள் திரும்புகிற கோவில்பட்டிக்குத் தெற்கே அதே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது, கண்ணாடியையாவது இறக்குங்கள்.

ஊரில் முதலில் கண்ணில் படுவது, அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடிய முருகன் கோயில். கும்பிட்டுவிட்டு மலைமேல் ஏறுங்கள். அங்கே இரண்டு அதிசயம். ஒன்று வெட்டுவான் கோயில். 8ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். மலையை ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குச் சுற்றிலும் வெட்டியெடுத்து, நடுவில் நிற்கும் ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி இறங்கியிருக்கிறார்கள். கலசம் முதலில், அடித்தளம் கடைசியில். ஓர் உளி தப்பினால் ஒட்டவைக்கப் பசை கிடையாது.

இன்னொன்று சமணர் சிற்பங்கள். பாறை முகம் முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பலவற்றின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர். என்னைக் கேட்டால் நாலு ஜனாதிபதிகளைவிட இதுதான் பெரிய விஷயம். கழுகுமலையில் பெயர் போட்டுக்கொண்டவர்களில் குயவர் உண்டு, தச்சர் உண்டு, கொல்லர் உண்டு. குரத்தியார் என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்களும் உண்டு. அறுபது அடி முகம் யாருக்கும் இல்லை. ஒரு வரிப் பெயர், ஆயிரத்து இருநூறு வருஷமாக.

கே: வழியில் சாப்பாடு?
— எம்.ஜி.ஆர். நகர் மார்க்கெட் வாசகி

ப: விருதுநகரில் எண்ணெய் பரோட்டா, சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலை மிட்டாய். கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. மூன்றையும் ஒரே நாளில் சாப்பிட்டால் மலையேறுவது உங்கள் பொறுப்பு.

கே: வெட்டுவான் கோயிலில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறாராமே?
— மிருதங்கம் கற்கும் மாணவன், அசோக் பில்லர் அருகில்

ப: உண்மை. ஆலமரத்தடியில் வாய் திறக்காமல் பாடம் நடத்துகிறவர், இங்கே மடியில் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார். 8ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்த தனி ஆவர்த்தனம். கேன்டீனுக்கு எழுந்து போகாமல் கேட்கிற ரசிகர்கள் அங்கே மட்டும்தான்.

கே: வெட்டுவான் கோயில் முடிக்கப்படாத கோயில் என்கிறார்கள். ஏன் நிறுத்தினார்கள்?
— ராஜமன்னார் சாலை தாத்தா (மறுபடியும்)

ப: ஊர்க்கதை ஒன்று உண்டு. அப்பனும் மகனும் சிற்பிகள். மகனின் வேலையைக் கண்டு பொறாமைப்பட்ட அப்பன் உளியாலேயே அவனைக் கொன்றுவிட்டான், கோயில் நின்றுபோனது. கதைதான். பாண்டியன் கஜானாவையோ படையெடுப்பையோ யாரும் கதையாகச் சொல்லமாட்டார்கள், அதில் அழ எதுவுமில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த நாலு தலைகள் இருக்கும் ரஷ்மோர் மலையும் முடிக்கப்படாததுதான். நாலு பேரையும் இடுப்பு வரை செதுக்குவதாகத் திட்டம். 1927இல் தொடங்கிய சிற்பி போர்க்லம் 1941 மார்ச்சில் இறந்துபோனார். அங்கே மகன் லிங்கன் போர்க்லம் உளியை எடுத்தார். காசு தீர, அக்டோபரில் தலைகளோடு நிறுத்தினார்கள். நாலு பேருக்கும் சட்டை பாக்கி.

கே: அமெரிக்க மலை யாருடையது?
— பி.டி. ராஜன் சாலை வாசகர்

ப: 1868 ஒப்பந்தப்படி அந்த மலை இருக்கும் கருங்குன்றுகள் லகோட்டா மக்களுடையவை. தங்கம் கிடைத்ததும் ஒப்பந்தம் காற்றில் போனது. 1980இல் உச்ச நீதிமன்றம் பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. அவர்கள் வாங்கவில்லை, மலைதான் வேண்டும் என்கிறார்கள். உங்கள் மகன் ஓட்டிய காரில் இந்தக் கதையையும் ஏற்றியிருந்தால் புல் இவ்வளவு அலுத்திருக்காது.

கே: பக்கத்திலேயே குதிரை மேல் ஒரு பூர்வகுடித் தலைவர் சிலை செதுக்குகிறார்கள். எப்போது முடியும்?
— அதே வாசகரின் மனைவி

ப: கிரேஸி ஹார்ஸ். 1948இல் தொடங்கியது. முகம் முடிந்ததே 1998இல்தான். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை பார்த்துப் பழகிய நாம் இதையெல்லாம் அவசரப்பட்டுக் கேட்கலாமா?

கே: எனக்கு முழங்கால் வலி. கழுகுமலை ஏற முடியுமா?
— ஒரு பாட்டி

ப: மெதுவாகப் போனால் முடியும், பழனி மாதிரி நீண்ட ஏற்றம் இல்லை. ஆனால் காலையிலேயே போய்விடுங்கள் பாட்டி. பதினோரு மணிக்குமேல் பாறை தோசைக்கல்.

கே: வாடகை வீட்டுச் சுவரில் என் பையன் ஆணியால் தன் பெயரைச் செதுக்கிவிட்டான். ஹவுஸ் ஓனர் குதிக்கிறார்.
— பெயர் வேண்டாம்

ப: அட்வான்ஸில் கழித்துக்கொள்வார், விடுங்கள். கழுகுமலைக்குக் கிளம்பும்போது மட்டும் பையனின் டவுசர் பையைச் சோதித்துவிடுங்கள்.