உயர்திரு. பிரிவு 50 அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
வண்டி இல்லாத வண்டி உரிமையாளர்,
சங்கராபுரம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு. பிரிவு 50 அவர்கள்,
வண்டி உரிமை மாற்றப் பிரிவு, மோட்டார் வாகனச் சட்டம், 1988.

பொருள்: டர்ட் பைக் ஒன்றை விற்றது – விற்றும் விற்காததாக இருப்பது – விடுதலை கோருதல் தொடர்பாக.

பார்வை: 1) தங்கள் உட்பிரிவு (1). 2) என் செல்போனுக்கு வந்துகொண்டிருக்கும் அபராதக் குறுஞ்செய்திகள்.

ஐயா,

தங்களை நேரில் பார்த்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. தங்கள் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்கள் மட்டும் ஆட்டோ கன்சல்டிங் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே நேரடியாகவே எழுதிவிடலாம் என்று துணிந்தேன்.

வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. அந்த மாடல் சந்தைக்கு வந்த 2019ஆம் ஆண்டே எடுத்தது. 199.6 சிசி, முன்சக்கரம் 21 அங்குலம், அதற்குமேல் நானாகப் போட்ட பட்டன் டயர். கல்வராயன் மலைக்கென்றே செய்த வண்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உள்ளபடி சொன்னால், வண்டி மலை ஏறியதைவிட பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனதுதான் அதிகம். மலையில் நிஜமான டர்ட் பைக் டிவிஎஸ் எக்ஸ்எல்தான். மரவள்ளி மூட்டை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அதன்மேல் ஓர் ஆள் என்று அது பாறையில் தாவி ஏறிப் போகும்போது, ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு சகிதம் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டிருக்கிறேன். விற்க முடிவெடுத்ததற்கு அந்த அவமானமும் ஒரு காரணம். சட்டத்துக்கு இது தேவையில்லாத தகவல், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

முதலில் கன்சல்டிங்காரரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைக் காலால் ஓர் உதை விட்டு, "மலை ஏறுன வண்டியா சார் இது?" என்றார். ஏறியது என்றால் எஞ்சின் போச்சு என்று விலையைக் குறைப்பார். ஏறவில்லை என்றால், அப்புறம் இந்த வண்டியை எதற்கு எடுத்தீர்கள் என்று நம் புத்திக்கு விலை வைப்பார். மௌனமாக இருந்தேன். அடுத்து ஜிஎஸ்டியை எடுத்தார். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான புது பைக்குகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, புதுசே இறங்கிவிட்ட பிறகு பழசு எங்கே ஏறும் என்றார். கேட்ட விலையில் பாதியைச் சொல்லிவிட்டு, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். வாங்குகிறவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகவே இருக்குமாம். யார் வந்தாலும் எழுதிக்கொள்ளலாமாம்.

அதற்குப் பயந்துதான், கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு அந்தப்பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு நேராகவே விற்றேன். நல்ல மனிதர். பேசிய பணத்தை ஒரு ரூபாய் குறையாமல் எண்ணிக் கொடுத்தார். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து, சேஸ் நம்பரை மண் சுரண்டி பென்சிலில் எடுத்தது, எல்லாம் முறையாக நடந்தது. மரவள்ளிக் கிழங்கு வெட்டி முடிந்ததும் பெயர் மாற்றிக்கொள்கிறேன் என்றார். மலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து, ஒரு நாள் கூலியை விட்டு, வரிசையில் நின்று, ஏதோ ஒரு நகல் இல்லையென்று திரும்பிப் போக வேண்டிய மனிதரிடம் நான் எப்படி அவசரப்படுத்துவது?

இங்கேதான் தங்கள் திருவிளையாடல் ஆரம்பிக்கிறது. விற்றவன் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறீர்கள். சரி. நான் தெரிவித்து, அவர் தெரிவிக்காவிட்டால்? வண்டி அவருடையது, பெயர் என்னுடையது. யார் பெயரில் பதிவோ அவரே உரிமையாளர் என்று தங்கள் மூத்தவர் பிரிவு 2, உட்பிரிவு 30இல் தீர்த்துச் சொல்லிவிட்டார். 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த வழக்கின் கார் கைமாறிக் கைமாறிப் பலரிடம் போயிருந்தது. விபத்து நடந்தபோது ஓட்டியவர் வேறு, வைத்திருந்தவர் வேறு. இழப்பீட்டுப் பொறுப்பு மட்டும் புத்தகத்தில் பெயர் இருந்த முதல் ஆளைத் தேடிப்பிடித்து வந்து சேர்ந்தது.

விற்றது முதல் என் வண்டியின் நலத்தைக் குறுஞ்செய்தி மூலமே அறிந்துவருகிறேன். வெளியூர் போன பிள்ளை கடிதம் போடுவதுபோல் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஹெல்மெட் இல்லை, ரூ.1,000. பின்னால் உட்கார்ந்தவருக்கும் இல்லை. போன மாதம் வந்த அபராதம் நான் கேள்விப்படாத ஓர் ஊரிலிருந்து. ஆக, வண்டி இன்னொரு கை மாறியிருக்கிறது.

அபராதத்தைக் கட்டிவிடலாம். தூக்கம் கெடுவது வேறு காரணத்தால். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததிலிருந்து எங்கள் மாவட்டத்தில் சாராயம் என்ற சொல்லே ஒரு குற்றப்பத்திரிகை. மலையில் வாழ்பவர் பெரும்பாலோர் கடுக்காய், புளி, கிழங்கு என்று உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். அவர்கள்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டாம் கையோ மூன்றாம் கையோ சாராயம் நிரப்பிய லாரி டியூபை வண்டியில் கட்டினால், மதுவிலக்குச் சட்டத்தில் வண்டி பிடிபடும். நம்பரைத் தட்டினால் சங்கராபுரம் விலாசம் வரும். நான் முழங்கால் காப்பு போட்டு டீ குடிக்கப் போனவன் என்று யாரிடம் விளக்குவது?

இத்தனைக்கும் பெயர் மாற்றுவது அரசுக்கு வராத வித்தை அல்ல. ஜாகிர்தார்கள் கையிலிருந்த கல்வராயன் மலையே 1976இல் அரசின் பெயருக்கு மாறியது. 2019 நவம்பர் 26 அன்று நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். மாவட்டம் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு மாறிவிட்டது. யாரும் எங்களிடம் படிவம் 29 கேட்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் கொடுத்து, அதை அரசு இணையதளத்தில் தெரிவித்துவிட்டால், அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். 2023 ஏப்ரலிலிருந்து இது நடைமுறை. அதாவது பெரிய கடையில் பாதி விலைக்கு விற்றால் விடுதலை. மலைக்காரரிடம் நியாய விலைக்கு விற்றால் ஆயுள் பொறுப்பு. சட்டம் ஏழை வாங்குவோர் பக்கம் நிற்கிறது என்று யார் சொன்னது?

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, விற்றவன் 14 நாளுக்குள் கொடுக்கும் அறிவிப்புக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்த நாளோடு அவன் பொறுப்பு முடியும்படி செய்ய வேண்டும். வியாபாரிக்குச் செய்த அதே சலுகைதான். கூடவே, மாதம் ஒரு நாளாவது வெள்ளிமலையில் பெயர் மாற்ற முகாம் போட ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். மலை ஏறிவர வண்டி வேண்டுமென்றால் எக்ஸ்எல்லை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டில் மட்டும் உரிமையாளன்.

நகல்: பழைய பைக் விற்கவிருக்கும் பொதுமக்களுக்கு – மாற்றும் செலவை விலையில் நீங்களே கழித்துக்கொடுங்கள். வாங்குகிறவரைக் கையோடு கூட்டிப்போய்ப் படிவத்தைச் சேருங்கள். சாவியை அப்புறம் கொடுங்கள்.