கடலோரக் கணக்குப்பிள்ளை

ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான ஜெர்ஸியுமாகப் பறப்பவரை எல்லோரும் சைக்கிள் பயணி என்கிறார்கள். தவறு. அவர் கணக்குப்பிள்ளை, பேரேட்டை மட்டும் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிறார். கோவளம், மாமல்லபுரம், மரக்காணம் வழியாகப் புதுச்சேரி போய் இறங்கியவரிடம் கடல் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சராசரி வேகம் 24.6, இதயத்துடிப்பு 142 என்பார். கடல் என்பது எதிர்க்காற்று வரும் திசை, அவ்வளவுதான். திரும்பி வந்து வீட்டு வாசலில் நிற்கும்போது ஹேண்டில்பார் கருவி 299.3 கிலோமீட்டர் காட்டினால் உள்ளே போக மாட்டார். சாப்பாடு ஆறட்டும் என்று, மிச்சமுள்ள 700 மீட்டருக்குத் தெருவைச் சுற்றுவார். நடுவழியில் பேட்டரி தீர்ந்துவிட்டாலோ, அந்தப் பயணம் நடக்கவே இல்லை. தொடை வலிக்கிறதே என்றால் அது செல்லாது, பதிவு எங்கே? படமும் எடுப்பார், சைக்கிளை. செயின் உள்ள பக்கம் கேமராவைப் பார்த்தாக வேண்டும் என்பது அவர்கள் சாத்திரம். வங்காள விரிகுடா பின்னால் எங்காவது நின்றுகொள்ளலாம்.

சாலையைப் பார்க்காமல் கடலைப் பார்த்தால் பஸ்ஸுக்கு அடியில் போக வேண்டியதுதான் என்று அவர் சொல்லக்கூடும். நியாயம். ரிசார்ட் மதில்களுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் நடுவே கடல் தெரிவதே அபூர்வம் என்பதும் நியாயம். அதனால்தானே தெரிகிற இடத்தில் இறங்க வேண்டும்? நேரமில்லை என்ற வாதம் மட்டும் எடுபடாது. அவர் வேதவாக்காகக் கொள்ளும் ப்ரெவே எனும் நெடுந்தூர சைக்கிள் பயணத்தின் விதியே 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறது. இவர் வேகத்தில் எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் போதும். மீதி ஐந்து மணி நேரத்தை விதி எழுதியவர்கள் எதற்கு விட்டுவைத்தார்கள்? இவர் அதை மிச்சம் பிடித்து, அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து தூங்கிவிடுகிறார்.

குற்றம் கடலுடையது அல்ல. மலையில் ஏற்றினாலும் இதே கதைதான். கொச்சியில் புறப்பட்டுத் தொண்டியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 85 ஒரு கடலோரத்தை இன்னொன்றோடு முடிச்சுப் போடும் சாலை. அடிமாலி தாண்டி மூணாறுக்கு ஏறுகையில் பள்ளிவாசல் வரும். 1940இல் திருவிதாங்கூர் அரசின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஊர். மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்கும். இவர் கண்ணுக்கு அது ஒன்பது சதவீதச் சரிவு. "எங்கேருந்து சார் மிதிச்சுக்கிட்டு வர்றீங்க?" என்று டீக்கடையில் தமிழிலேயே கேட்டால், "ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏற்றம்" என்பார். கேட்டது ஊரை.

புகை விடாத, ஹாரன் அடிக்காத மனிதரை ஏன் சீண்ட வேண்டும் என்று கேட்கலாம். உண்மை, நல்ல மனிதர். வழியில் முன்பின் தெரியாதவர் டியூப் வெடித்து நின்றால் முதலில் இறங்கி ஒட்டுப் போடுவார் (கருவியை நிறுத்திவிட்டுத்தான்). ஆனால் மரக்காணம் உப்பளங்களை இத்தனை தடவை கடந்தும், பக்கத்துக் கழுவெளி 2024இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது அவருக்குத் தெரியாது; அங்கே வரும் ஒரு பறவையின் பெயர் தெரியாது. கால் தேய மிதித்தும் ஊர் பார்க்காதவரை ஊர்சுற்றி என்று மெச்ச முடியாது. ஐயா, அடுத்த ஞாயிறு மரக்காணத்தில் ஒரு நிமிடம் கால் ஊன்றி, உப்பு மூட்டை என்ன விலை என்றாவது கேட்டுவிட்டு வாருங்கள். அதுவும் எண்தான்.