குடும்ப அட்டைக்கு ஒரு வாழ்த்து

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் சொன்ன சொல் தவறாத ஒன்றைக் காட்டச் சொன்னால், தயங்காமல் குடும்ப அட்டையைக் காட்டுவேன். 2020 மார்ச் 24 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் என்று அறிவித்தது. ஏப்ரல் 2ஆம் தேதி ரேஷன் கடைகளில் பணம் கைமாறத் தொடங்கிவிட்டது. 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதல்வராகிப் போட்ட முதல் கையெழுத்து, அதே அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய். அந்த மாதமே 2,000, ஜூனில் 14 மளிகைப் பொருட்களோடு மீதி 2,000. அட்டைகள் 2 கோடியே 7 லட்சத்துக்கும் மேல். முதல் தவணைக்கு மட்டும் சுமார் 4,153 கோடி ரூபாய். கூட்டம் சேராமலிருக்க வீடுதேடி டோக்கனும் வந்தது. ஆட்சி மாறியது, தொகை மாறியது, கேட்ட கேள்வி மாறவில்லை: “கார்டு இருக்கா?” எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கழகங்களும் இந்த ஒரு கேள்வியில் காட்டிய ஒற்றுமைக்கு முதல் வாழ்த்து.

அட்டைக்கு ஏற்றத்தாழ்வு தெரியாது. பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்கும் பெண்ணுக்குப் பேருந்து நின்ற அன்றே பிழைப்பும் நின்றது. அவர் தெருவிலேயே குடியிருக்கும் அரசு ஊழியருக்கு மாதக் கடைசியில் சம்பளம் வங்கியில் ஏறியது. இருவரிடமும் அரிசி அட்டை இருந்தால் இருவருக்கும் அதே ஆயிரம். இதில் எனக்குப் பொறாமையில்லை. அந்த நேரத்தில் வருமானச் சான்று கொண்டுவா என்று கேட்டிருந்தால், தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று திரும்பியிருப்பவர் பூக்காரம்மாதான். ஆகவே எல்லாருக்கும் கொடுத்தது நல்ல காரியம். பத்துப் பேரில் தேவையில்லாத ஒருவருக்கும் போய்விடுமே என்று அரசு கணக்குப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய மனசு. அந்த மனசு அட்டையின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது.

அட்டையின் தொலைநோக்கையும் சொல்ல வேண்டும். 2019 நவம்பரில், விருப்பமுள்ளவர்கள் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று சில நாள் அவகாசம் தந்தார்கள். பொங்கல் பரிசு 1,000 ரூபாய்க்காகப் பலர் ஓடிப்போய் மாற்றினார்கள். நான்கு மாதத்தில் ஊரடங்கு வந்தபோது அவர்கள் தகுதியானவர்களாக இருந்தார்கள். மாற்றாமல் விட்டவர் தகுதியற்றவரானார். மார்ச் மாதம் யாருடைய அடுப்பு எரியவில்லை என்பதை முந்தைய நவம்பரிலேயே தீர்மானித்து வைத்திருந்த ஏற்பாடு இது.

ஊர்ப்பற்றில் அட்டையை மிஞ்ச ஆளில்லை. அரியலூர், பெரம்பலூர் மாவட்டக் கிராமங்களிலிருந்து சென்னை கோயம்பேடு சந்தைக்கு மூட்டை தூக்கப் போனவர்கள் ஏராளம். மானாவாரி நிலம், ஒரு போகச் சோளம், பருத்தி. மற்ற மாதங்களுக்குச் சென்னைதான் சோறு. ஏப்ரலில் அவர்கள் சந்தையில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார்கள், அட்டை சொந்த ஊர்க் கடையை விட்டு நகரவில்லை. மாநிலத்தின் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற வசதி தமிழ்நாடு முழுவதற்கும் வந்தது 2020 அக்டோபர் 1 அன்று. ஊரில் வீட்டாள் இருந்தவர்களுக்கு நிவாரணம் வீட்டுக்காவது போனது. குடும்பத்தோடு சென்னையில் இருந்தவருக்கு அதுவுமில்லை.

தொற்று பரவியதால் 2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. லாரியிலும் காய்கறி வண்டியிலும் கிடைத்த இடத்தில் தொற்றிக்கொண்டு அவர்கள் அதற்கு முன்பே ஊர் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். மே 6 அன்று மாநிலத்தில் பதிவான 771 தொற்றுகளில் 188 அரியலூர் மாவட்டத்தில். அப்போது நிர்வாகம் செய்த வேலையை மனதாரப் பாராட்டுகிறேன். எந்த ஊர், எந்தத் தெரு, எப்போது வந்தார், யாரோடு வந்தார், செல்போன் எண் என்ன என்று கிராமம் கிராமமாகத் தேடினார்கள். சுகாதார ஆய்வாளரும் கிராம நிர்வாக அலுவலரும் வெயிலில் அலைந்து ஆளைக் கண்டுபிடித்துச் சளி மாதிரி எடுக்க வைத்தார்கள். அந்தத் தேடலில் அட்டை யாருக்கும் தேவைப்படவில்லை. இருமலைக் கண்டுபிடிக்க ஆள் போதும். பசியைக் கண்டுபிடிக்கத்தான் அட்டை வேண்டியிருந்தது. ஒரு மாதம் முன்பு இதே ஆட்களை இதே அக்கறையோடு தேடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டாம். இதை எழுதும்போது கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள்: அரசின் டான்செம், கோவிந்தபுரத்தில் ராம்கோ, ரெட்டிப்பாளையத்தில் அல்ட்ராடெக், கீழப்பழுவூரில் செட்டிநாடு, தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ். இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி ஏற்றும் கைகளில் வடமாநிலக் கைகளும் உண்டு. பிற மாநிலத் தொழிலாளர்களுக்கு 2020இல் அரசு அறிவித்தது 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய். உணவை மறக்காத அரசு, நன்றி. மருந்து, செல்போன் ரீசார்ஜ், ஊரில் காத்திருக்கும் தாய்க்கு அனுப்பும் பணம் ஆகியவற்றை அரிசிக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும் பொறுப்பை மட்டும் அவர்களிடம் விட்டுவிட்டது. கட்டடத் தொழிலாளர்களுக்கு 1,000 ரூபாய் வந்தது, நலவாரியத்தில் பதிவு செய்திருந்தால். ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் வீட்டுத் திண்ணையில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்துபோகும் பெண்களில் எத்தனை பேரிடம் வாரிய அட்டை இருக்கும்?

அட்டை இல்லாதவருக்கும் கொடுக்கலாம் என்பது அரசுக்குத் தெரியாததல்ல. 2021இல் திருநங்கையர் உரிமைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். குடும்ப அட்டை இல்லாத திருநங்கைகளுக்கும் 2,000 ரூபாய் என்று அரசு ஒப்புக்கொண்டது. குடும்பத்தால் துரத்தப்பட்டவர்களிடம் குடும்ப அட்டையைக் கேட்பது எத்தகைய கேள்வி என்பது வழக்குப் போட்ட பிறகு புரிந்தது. புரிந்துகொண்டதே பெரிது. மாதச் சம்பளமில்லாத கோயில் பணியாளர்களுக்கு 4,000 ரூபாயும் அரிசியும் மளிகையும் தந்தார்கள், அதுவும் நல்லதே. துறையோ வழக்கறிஞரோ வாய்த்தவர்களுக்குக் கதவு திறந்தது.

அட்டை கேட்காத தாராளக் கதவும் 2020இல் ஒன்று இருந்தது. மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் இணையம் வழியே பெயர் சேர்ப்பது எளிதாக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் பார்த்தால், தமிழகத்தின் பல மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் விவசாயிகளாகி, சுமார் 110 கோடி ரூபாய் போய்ச் சேர்ந்திருந்தது. ஏமாற்ற நினைப்பவருக்குக் கணினி காட்டிய கனிவை, ஏமாற்றத் தெரியாத ஒருவருக்கும் கடை ஜன்னல் காட்டியிருக்கலாம்.

விட்டுப்போனவர்களின் பட்டியல் இல்லை என்ற சமாதானம் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் செல்லாது. ஊராட்சி அலுவலகத்தில் நூறு நாள் வேலைப் பட்டியல் இருந்தது, பெயரும் வங்கிக் கணக்கும் சேர்த்து. 2020 மார்ச்சில் அதே பட்டியலைப் பார்த்து இரண்டு நாள் கூலியைச் சிறப்பு ஊதியமாக அறிவித்தார்கள். ஊரடங்கு இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது, பட்டியல் இரண்டு நாளோடு மூடப்பட்டது. அந்தப் பட்டியலையும், கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களைத் தேடி எழுதிய நோட்டையும், ஆலைகளின் ஒப்பந்தக்காரர் வருகைப் பதிவேட்டையும் அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், விட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் கிடைத்திருப்பார்கள். ஒருவர் இரண்டு முறை வாங்கியிருப்பார் என்ற அச்சம் உண்டுதான். ஒருவர் ஒருமுறைகூட வாங்கவில்லை என்ற அச்சம் அதைவிடப் பெரியதாக இருந்திருக்க வேண்டும்.

யாருக்குத் தேவை என்று நுணுக்கமாகக் கேட்கவும் அரசுக்குத் தெரியும். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள், கார் இருக்கக்கூடாது என்றெல்லாம் அளந்து, ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களைக் கண்டெடுத்தார்கள். விண்ணப்பம் ரேஷன் கடை வழியாகவே வந்தது. ஓர் அட்டைக்கு ஒரு பெண்.