கறையியல்: பாப்பா சட்டைப் போர்வை பற்றி ஓர் ஆராய்ச்சி

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், குழந்தைக்குப் பத்தாமல் போன சட்டைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்து, நினைவுப் போர்வை என்று பெயரிடும் வழக்கத்தையும், அவ்வழக்கத்தில் விடாமல் நடந்துவரும் ஒரு பெரும் பிழையையும் உணர்த்துதல் நுதலிற்று. பிழை யாதெனில், போர்வைக்குத் தேர்வாகும் சட்டைகள் பெரும்பாலும் தவறான சட்டைகள். இதை நிறுவுமுன் கொஞ்சம் வரலாறு பார்த்தாக வேண்டும். வரலாறு இல்லாத ஆராய்ச்சியைத் தமிழுலகம் மதிப்பதில்லை.

பத்தாமல் போன சட்டைக்கு நம் வீடுகளில் நெடுநாளாக மூன்று கதிகள் உண்டு. முதற்கதி கைமாறுதல். பெரியவன் போட்ட ஜப்லா சின்னவளுக்கு, அங்கிருந்து சித்தி மகனுக்கு, பிறகு எதிர்வீட்டுக்கு. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, நோய்நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையைத்தான் முதலில் போட வேண்டும் என்று பல குடும்பங்களில் பெரியவர்கள் இன்றும் சொல்வதால், பழைய ஜப்லாவுக்கு எப்போதும் கிராக்கி. இம்மரபில் நினைவுப் போர்வைக்குச் சட்டச் சிக்கல் எழுகிறது. ஒரே ஜப்லாவை நாலு பிள்ளைகள் போட்டிருந்தால் அது யாருடைய நினைவு? “இது எம் பொண்ணு குப்புற விழுந்தப்போ போட்டிருந்தது அண்ணி” என்பார் நாத்தனார். “ஆஸ்பத்திரியில இருந்து இவனைத் தூக்கிட்டு வந்தப்போ போட்டதே இதுதாம்மா” என்பார் அண்ணி. இருவரும் சொல்வது உண்மை. கத்தரிக்கோல் மட்டும் ஒன்று.

இரண்டாம் கதி பாத்திரம். பழைய துணிக்கு எவர்சில்வர் கொடுப்பவர் பட்டுச் சேலையின் ஜரிகையை உரசிப் பார்ப்பார், பேன்ட்டின் முட்டியை விரித்துப் பார்ப்பார். பாப்பா சட்டையைத் தொட்டும் பார்க்க மாட்டார். “இதெல்லாம் கணக்குல வராதுக்கா” என்று ஒதுக்கிவிடுவார். சந்தை மதிப்பு சுழியம் என்பதைக் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

மூன்றாம் கதி கரித்துணி. பனியன் துணி ஈரத்தை நன்றாக இழுக்கும். திருப்பூரில் வெட்டி மிஞ்சும் துணுக்குகள் ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் மூட்டை மூட்டையாக மெக்கானிக் ஷெட்டுகளுக்குப் போய் கிரீஸ் துடைக்கின்றன. அதே துணியில் தைத்த குழந்தைச் சட்டை ஒரு வருடம் தவழ்ந்து, நின்று, நடந்துவிட்டு, கடைசியில் அடுப்படிக்கு வந்து பால் பாத்திரம் இறக்குகிறது. தொழில் தர்மப்படி இதில் குறை சொல்ல ஏதுமில்லை.

போர்வை நான்காம் கதி. நமக்குப் புதிது, மற்றவர்க்குப் பழசு. வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா செய்தார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாபுரம், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் ஒட்டுப்போர்வையை ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பது அங்கே கட்டாயம். பூ இல்லாத போர்வை அம்மணம் என்பது அவர்கள் துணிபு. இரு மரபுக்கும் பொதுவான இலக்கணம் ஒன்றுண்டு: உழைத்துக் களைத்த துணிதான் உள்ளே போகிறது. நம் நினைவுப் போர்வைக்காரர்கள் கைவிட்ட இலக்கணம் இது.

இதற்கு மேற்கோள் வேண்டின் இலண்டன் செல்க. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென அங்கே 1741-இல் ஓர் இல்லம் திறந்தார்கள். குழந்தையை விட்டுச்செல்லும் தாய் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பிற்பாடு தேடி வந்தால் அடையாளம் காண, குழந்தையின் சட்டையிலிருந்தோ தாயின் உடையிலிருந்தோ ஒரு துண்டு வெட்டிப் பதிவுத்தாளில் குத்தி வைத்தார்கள். 1760 வரையான ஏடுகளில் மட்டும் சுமார் 5,000 துண்டுகள் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாதாரண ஜனங்கள் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய துணித்தொகுப்பு கிடையாது. சீமான்களின் பட்டு அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. ஏழைகளின் அச்சுப்பருத்தி போக்கிடம் இல்லாமல் இந்த ஏட்டில் தப்பியது. 1767-இல் சாரா பெண்டர் என்ற தாய், ஒட்டுத்துணியால் தைத்த ஊசிப்பை ஒன்றைக் குறுக்கே வெட்டினாள். அதில் தைத்திருந்த இதயம் இரண்டானது. ஒரு பாதியைப் பிள்ளையோடு விட்டாள், மறுபாதியைத் தன்னோடு கொண்டுபோனாள். 1775-இல் அந்தப் பாதியுடன் வந்து மகனைக் கூட்டிச் சென்றாள். தேடி வரப்பெற்ற பிள்ளைகள் மிகச் சிலரே. போர்வை தைக்கச் சட்டையை வெட்டலாமா என்று தயங்குவோர்க்கு ஆராய்ச்சியாளன் காட்டக்கூடிய சான்று இது: வெட்டியதால்தான் கிடைத்தான்.

இனிக் கணிதம். மூன்றடிக்கு நாலடிப் போர்வைக்கு ஆறு அங்குலச் சதுரம் 48 வேண்டும். தையலுக்குள் மறையும் கால் அங்குலத்தை நாலு பக்கமும் சேர்த்தால் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். முன்பக்கம் நாடா கட்டும் ஜப்லாவில் முதுகு மட்டுமே தேறும். தலைவழி மாட்டும் பனியன் சட்டையில் முன்னொன்று பின்னொன்று. ஆக, குறைந்தது 24 சட்டை, கூடினால் 48. பனியன் துணியை அப்படியே தைத்தால் இழுபட்டுச் சதுரமெல்லாம் சாய்சதுரமாகும். யூக்ளிடுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸை முதுகில் ஒட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஊசியும் முனை மழுங்கியதாக இருக்க வேண்டும், இல்லையேல் கண்ணி அறுந்து ஓடும். தெருமுனை டெய்லர் எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “நல்லா இருக்கிற சட்டையை ஏன்மா வெட்டுறீங்க? எம் பேத்திக்குக் குடுங்க” என்றார். அவர் கைமாற்று மரபினர்.

தேர்வுக்குழு கூடும்போதுதான் பிழை நிகழ்கிறது. எங்கள் வீட்டுக் கட்டிலில் சட்டைகள் பரப்பப்பட்டன. நடுப்பகுதிச் சதுரத்துக்குப் போட்டியின்றித் தேர்வானது முதல் பிறந்தநாள் கவுன்: நெட் துணி, சமிக்கி, இடுப்பில் சாட்டின் பூ. கேக் வெட்டும் வரைதான் அது உடம்பில் இருந்தது. அரிப்பு தாங்காமல் பிள்ளை கத்திய கத்தலில் மெழுகுவத்தியை ஊத அவளால் முடியவில்லை, மாமாதான் ஊதினார். (நெட் துணியில் சூடான இஸ்திரி பட்டால் உருகி ஒட்டும் என்ற பொறியியல் தடையையும் குழு பொருட்படுத்தவில்லை.) தள்ளுபடியானது ஒரு வெள்ளை மல் ஜப்லா. மஞ்சள் கோழிக்குஞ்சு படம், அலகு பாதி அழிந்திருக்கும். இடப்பக்க நாடாவின் நுனி சப்பிச் சப்பிக் கயிறாகியிருக்கும். மார்பில் இரும்பு டானிக் வழிந்த தவிட்டுக்கறை, கிட்டத்தட்ட இலங்கை வடிவில். பிள்ளை வாரத்தில் பாதி நாள் அதற்குள்தான் வாழ்ந்தாள். “இது வேண்டாம், அசிங்கமா இருக்கு” என்றது குழு. இந்நிலையில் நான் இயற்றிய நூற்பா வருமாறு:

கறையே நினைவின் கையெழுத் தாகும்;
விலையும் நிறமும் விலகும் அதற்கே.

இதன் பொருள்: சட்டையின் நினைவு அதன் கறையளவு கூடும், விலையளவு குறையும் என்றவாறு. ஏகாரம் தேற்றம்.

கறைகளின் வகையும் கூறுதும். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் செக்கச்சிவந்து பயமுறுத்தும், ஏனெனில் மஞ்சளின் நிறமி காரத்தில் சிவக்கும். அலசினால் பழையபடி மஞ்சளாகும். வெயிலில் போட்டால் நாளடைவில் வெளுத்துப்போகும். ஆகவே அது இளகிய நினைவு. மொட்டைமாடிக் கொடியிலேயே முடிந்துவிடும். இரும்பு டானிக் வெயிலுக்கு அசையாது, எலுமிச்சைப் புளிப்புக்கு வழிவிடும். வாழைக்காய்க் கறை எதற்கும் வழிவிடாது, அதனோடு வாதிடுவது வீண்.

இவற்றுள் தலையாயது பால்கறை. பால் கக்கிய சட்டையைத் துவைத்து, காயவைத்து, பளிச்சென்று மடித்துப் பரணில் வைப்போம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. துணியில் தங்கிய கொழுப்பும் புரதமும் காற்றோடு மெல்ல வினைபுரிந்து, ஓரிரு வருடம் கழித்துப் பையைத் திறந்தால் கழுத்தைச் சுற்றி மஞ்சள் வளையமாக நிற்கும். மற்ற கறைகளெல்லாம் துவைக்கும்போதே தெரிய, இது மட்டும் நாளாக ஆகத்தான் தெரியும். “நல்லாத்தானே துவைச்சு வச்சேன்” என்று எத்தனையோ தாய்மார் சோப்பைச் சந்தேகித்திருக்கிறார்கள். சோப்பு நிரபராதி. (பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போட்டு வைப்போர், அச்சட்டையை இன்னொரு கைக்குழந்தைக்குப் போடாதிருக்கக் கடவர். அதிலுள்ள நாப்தலின் சில பிள்ளைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இதில் வேடிக்கை இல்லை.)

நூற்பாவும் உரையும் தேர்வுக்குழுவின் முன் வைக்கப்பட்டன. நீண்ட விவாதத்துக்குப் பின் கோழிக்குஞ்சு ஜப்லா நாலாம் வரிசை ஓரத்தில், இலங்கை தெரியும்படி, இடம்பெற்றது. கவுன் நடுவிலேயே இருக்கிறது. ஆராய்ச்சிக்கு இந்த அளவு வெற்றியே பெரிது.

இனி எஞ்சிய ஐயங்கள். சென்னை வெயிலில் இதை யார் போர்த்துவது என்பது முதல் ஐயம். ஏசி இருக்கிறதே என்பது விடை. இரண்டாவது சற்று ஆழமானது. போர்வைக்கு அடித்துணி வேண்டும். தூளி கட்டிய பழைய சேலைதான் பொருத்தம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பிள்ளைக்குத் தூளி கட்டியது இரண்டு சேலைகளில்: பிரசவத்துக்குப் போயிருந்தபோது அம்மா வீட்டுச் சுங்குடி, திரும்பி வந்தபின் மாமியாரின் நூல்சேலை. இரண்டையும் பாதிப் பாதியாக இணைத்துவிடலாம் என்ற தீர்வை நான் முன்மொழிந்தேன், இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. தலைமாட்டுப் பக்கம் எந்தப் பாதி என்று யாரோ கேட்டார்கள். அன்று முதல் தையல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.