எட்டுக் கெம்போங்

என் சம்பளத்தில் மாதம் 11 விழுக்காட்டை இ.பி.எஃப். பிடித்துக்கொள்கிறது. 1951-இல் தொடங்கிய அந்தச் சேமநிதி, என்னைக் கேட்டுவிட்டுத்தான் பிடிப்பேன் என்று இருந்திருந்தால், இன்றைக்கு என் கணக்கில் ஒரு டின் மைலோவுக்குக்கூடத் தேறாது. எனக்குள்ள கட்டுப்பாடு அவ்வளவுதான். அதுவும் சட்டம் போட்டு வந்தது.

இப்படிப்பட்ட ஆளைத்தான் ஒரு தன்முனைப்புப் பேச்சாளர், "உங்கள் மேலேயே முதல் போடுங்கள்" என்று உசுப்பிவிட்டார். முதல் என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மலாயில் மூலதனத்தைச் சொல்லும் 'மோடால்' நம்முடைய 'முதல்'தானே! ஊருக்கே அந்தச் சொல்லைக் கொடுத்த இனம், தனக்கென்று நாலு காசு போட்டுக்கொள்ளக் கூடாதா?

சௌரஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய், சுயமுன்னேற்றப் புத்தகம் ஒன்று வாங்கினேன். எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் பென்சிலால் வரி வரியாகக் கோடு போட்டுப் படித்திருந்தார். 17-ஆம் பக்கத்தோடு கோடு நின்றுவிட்டது. பாவம், என்ன அவசரமோ என்று நினைத்துக்கொண்டேன்.

திட்டம் இதுதான்: விடியற்காலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள்; ஏறும்போதே ஹொக்கியன் பாடம். ஜார்ஜ்டவுனில் பிறந்து வளர்ந்தும் எனக்குத் தெரிந்த ஹொக்கியன் "ஜியாக் பா போய்?" ஒன்றுதான். 'சாப்பிட்டாச்சா?' என்று அர்த்தம். இன்னும் இல்லை என்று பதில் சொல்லத் தெரியாமல் எத்தனையோ சாப்பாடு கைநழுவிப் போயிருக்கிறது.

படிக்கு ஓர் எண். ஜிட், நுங், சா, சி, கோ... மூச்சு வாங்க நான் எண்ணிக்கொண்டு ஏற, முன்னால் போன பாட்டி நின்று திரும்பினார்.

"ஏன்ப்பா, முருகன் சந்நிதிக்குப் போற வழியில சா, சீன்னுட்டு வர்ற?"

அன்றைக்கு 140-ஆம் படியோடு இறங்கிவிட்டேன். ஏழு நாள் இப்படிப் போயிற்று. எட்டாம் நாள் மழை. ஒன்பதாம் நாள் மழை இல்லை. ஆனால் வரும்போல இருந்தது.

படிதான் போயிற்று, பாஷையாவது மிஞ்சட்டும் என்று நோட்டைப் பிரித்தேன். எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்திருந்ததில் வினை. ஹொக்கியனில் வாங்குவதற்கும் விற்பதற்கும் ராகம் மட்டும்தான் வித்தியாசம். குதிரையும் கிட்டத்தட்ட அதே ஓசை. எட்டுக்கு உதட்டை இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும், அவ்வளவே. என் நோட்டில் நாலுக்கும் எதிரே ஒரே எழுத்து: பே.

இருந்தாலும் துணிந்து சந்தைக்கு இறங்கினேன். மீன்கடை ஆண்டி, ரப்பர் பூட்ஸும் கையுறையுமாகச் செதில் சீவிக்கொண்டிருந்தார். கெம்போங் மீனைக் காட்டி, "குவா ஆய்... பே... ஹூ" என்றேன். மீன் வாங்க வேண்டும் என்று பொருள், என் கணக்குப்படி.

கத்தி நின்றது. ஆண்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, நீ வாங்க வந்தியா, விக்க வந்தியா? எட்டு மீனா?"

தமிழ்! எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

"படிக்கலலா. கடை போட்ட புதுசுல உங்க அம்மாங்க வந்து பேரம் பேசுவாங்க. ஒண்ணும் புரியாது, தலைய ஆட்டிடுவேன். தினம் நட்டம். அப்புறம் வந்திருச்சு." என் பதிலுக்குக் காத்திராமல் மீனை எண்ணத் தொடங்கியிருந்தார். "வெட்டவா, முழுசாவா?"

இல்லை ஆண்டி, இரண்டு போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஹொக்கியன் தெரியாதவன் என்றாகிவிடுமே.

வீட்டில் மனைவி பையைக் கொட்டிப் பார்த்தாள். "ஏங்க, இருக்கிறது ரெண்டு பேரு. எட்டுக் கெம்போங் யாருக்கு?"

நான் சுயமுன்னேற்றப் புத்தகத்தை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அடையாளத்துக்கு மடித்து வைத்திருந்தது 16-ஆம் பக்கம்.